தேவன் ஏற்றுக்கொள்ளும் ஆராதனை: சனிக்கிழமை முதல் திங்கட்கிழமை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வேதாகமத்தில் தேவன் வேண்டாம் என்று தள்ளிய ஆராதனைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காயீனின் காணிக்கை. நாதாபும் அபியூவும் கொண்டுவந்த அந்நிய அக்கினி. "ஆடுமாடுகளைப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம்" என்று சவுல் சொன்ன சாக்கு. மல்கியா காலத்தில் பலிபீடத்துக்கு வந்த குருடும் நொண்டியுமான மிருகங்கள். ஏசாயா முதல் அதிகாரத்தில் மாதப்பிறப்பும் ஓய்வுநாளும் சபைக்கூட்டமும். ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் பாட்டும் வீணையும். கடைசியாகக் கொரிந்து சபையின் இராப்போஜனம்.

முறை பிசகியதால் வந்த கோபம் நாதாப், அபியூ கதையில் தெளிவாகத் தெரிகிறது. மல்கியாவிலும் அது கொஞ்சம் உண்டு. மற்ற இடங்களில் முறையில் பெரிய குறை எதுவும் சொல்லப்படவில்லை. ஆமோஸ் காலத்துப் பாடகர்கள் சுருதி தவறிப் பாடினார்கள் என்று யாரும் எழுதவில்லை. ஆனாலும், "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்கிறார் கர்த்தர். காரணம் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது: "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது."

நாம் சண்டை போடுவதெல்லாம் வேறு விஷயங்களுக்கு. ஆர்கனா, கிதாரா? பாமாலையா, கோரஸா? கை தட்டலாமா, கூடாதா? முழங்கால் போடுவதா, எழுந்து நிற்பதா? இவை பேசக் கூடாதவை அல்ல. ஆனால் தேவன் தள்ளிய பட்டியலில் இவை எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

அதனால்தான் இந்த வழிகாட்டி ஞாயிறு காலை முதல் மணிக்குத் தொடங்காமல் முந்தின நாளே தொடங்குகிறது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே, சகோதரர் சபை என்று நீங்கள் எங்கே தொழுதாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படிகளுக்கு முன் ஒரு அஸ்திவாரம்

யோவான் நாலாம் அதிகாரத்தில் சமாரியப் பெண் கேட்ட கேள்வி இடத்தைப் பற்றியது. இந்த மலையிலா, எருசலேமிலா? அவளுக்கு அது சும்மா கேட்ட கேள்வி அல்ல. கெரிசீம் மலைமேல் இருந்த சமாரியரின் ஆலயத்தை யூத ஆட்சியாளரான யோவான் ஹிர்கானு இடித்துத் தள்ளி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் காயம் ஆறவில்லை. இயேசு இரண்டு இடத்தையும் தாண்டிப் போகிறார்: "தேவன் ஆவியாயிருக்கிறார், அவரைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் ஆவியோடும் உண்மையோடும் அவரைத் தொழுதுகொள்ளவேண்டும்."

மனசு சுத்தமாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் எப்படி இருந்தால் என்ன என்று இந்த வசனத்தைக் காட்டிச் சிலர் சொல்வார்கள். இரண்டு வசனத்துக்கு முன்னால் அவரே, "நீங்கள் அறியாததைத் தொழுதுகொள்ளுகிறீர்கள்" என்றும் சொல்லியிருக்கிறார். உள்ளம் மட்டும் உண்மையாக இருந்தால் பற்றாது. யாரைத் தொழுகிறோம் என்பதும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த உரையாடலில் மலையைப் பற்றிய பேச்சுக்கு முன்பே அவளுடைய வீட்டு விஷயம் வந்துவிடுகிறது. "உன் புருஷனை இங்கே அழைத்துக்கொண்டு வா" என்று அவர்தான் அதைத் தொடங்குகிறார்.

அஸ்திவாரத்தின் இன்னொரு கல்: நம் பலிகள் ஏற்கப்படுவது "இயேசுகிறிஸ்து மூலமாய்" என்கிறார் பேதுரு (1 பேதுரு 2:5). நம் ஆராதனை நூற்றுக்கு நூறு சுத்தமாக இருந்தால்தான் ஏற்பார் என்றால் யாரும் ஆலயப் படி ஏற முடியாது. கீழே வரும் படிகள் தேவனுடைய பிரியத்தை விலைக்கு வாங்குவதற்கான தவணைகள் அல்ல. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் வெளிவேஷம் போடாமல் வந்து நிற்பதற்கான ஆயத்தம், அவ்வளவுதான்.

படி 1. சனிக்கிழமை: யாரிடம் போக வேண்டும்?

எல்லாப் படிகளிலும் கஷ்டமானது இதுதான். அதனால்தான் இதை முதலில் வைத்திருக்கிறேன்.

மத்தேயு 5:23-24ஐ நிதானமாக வாசியுங்கள்: "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து."

அவன்மேல் உனக்கு வருத்தம் இருந்தால் என்று இதில் இல்லை. உன்மேல் அவனுக்கு வருத்தம் இருந்தால் என்றுதான் இருக்கிறது. "நான் யார்மேலயும் கோபமா இல்லப்பா" என்று நாம் சொல்லித் தப்பிக்க வழி இல்லை. இயேசு இதைப் பேசியது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில், நடந்து போனால் பல நாள் பயணம். காணிக்கையை அங்கே வைத்துவிட்டு ஊர் திரும்பி, பேசி முடித்து, மறுபடி போ என்கிறார். கேட்டவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

முதல் சபைகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட 'டிடாகே' என்ற சபை ஒழுங்கு நூல், கர்த்தருடைய நாளில் அப்பம் பிட்கக் கூடுவதைச் சொல்லும் இடத்தில், தோழனோடு சண்டையில் இருப்பவன் ஒப்புரவாகும்வரை உங்களோடு சேர வேண்டாம், உங்கள் பலி தீட்டுப்படும் என்கிறது.

சரி, எப்படிச் செய்வது? சனிக்கிழமை மாலை ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து, இந்த வாரம் யார் முகத்தைத் தவிர்த்தீர்கள் என்று யோசியுங்கள். யாருடைய போனை எடுக்கவில்லை? எந்த வாட்ஸ்அப் குழுவில் யாரைக் குத்திப் பேசினீர்கள்? பெயர் வந்துவிடும். பிறகு பேசுங்கள்.

பேசும் விதம் முக்கியம். நம் சபைகளில் சகஜமாக இருக்கிற ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் ஒரே சபை. நடைபாதைத் தகராறு. அண்ணன் முன்வாசல் வழியாக வருவார், தம்பி பக்கவாசல். திருவிருந்துக்கு முழங்கால் போடும்போதுகூட அவர் முதல் வரிசையில் போனால் இவர் மூன்றாவதில் போவார். தம்பி போனில் இப்படிப் பேசலாம்:

"அண்ணே, நான்தான் பேசுறேன். அப்பா அடக்கத்தன்னிக்கு எல்லார் முன்னாலயும் உங்கள அப்படிக் கேட்டது தப்புண்ணே. பாதை விஷயம் அப்படியே இருக்கட்டும், அதப் பெரியவங்கள வச்சுப் பேசிக்கலாம். நான் பேசினதுக்கு என்னை மன்னிச்சிருங்க."

செய்தது இன்னதென்று பெயர் சொல்லியாயிற்று. "ஆனா நீங்களும் அன்னிக்கு..." என்று இழுக்கவில்லை. சொத்துத் தகராறையும் மன்னிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவும் இல்லை. இதற்கு மாறாக, "நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க" என்பது நம் ஊரில் ரொம்பப் புழக்கத்தில் இருக்கிற வாக்கியம். அதில் தப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

பணம் சம்பந்தப்பட்டிருந்தால் வார்த்தை மட்டும் பற்றாது. சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்ற பிறகுதான், "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னார். நீங்கள் நாலு மடங்கு தர வேண்டாம், வாங்கிய கைமாற்றைத் தந்தாலே போதும். முழுதும் முடியாவிட்டால் எவ்வளவு, எப்போது என்று தேதி சொல்லுங்கள்.

அவர் போனை எடுக்கவில்லை என்றால்? எடுத்தும் திட்டினால்? "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் பவுல் எழுதுகிறார் (ரோமர் 12:18). உங்களால் ஆனதைச் செய்துவிட்டு ஆராதனைக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. இந்த வசனத்தைக் காட்டி, அடி வாங்கிய மனைவியை அடித்த கணவனிடமே போய் ஒப்புரவாகச் சொல்லும் போதகர்களும் மூப்பர்களும் இருக்கிறார்கள். வசனம் பேசுவது குற்றம் செய்தவனிடம். எழுந்து போக வேண்டியவன் அவன். பாதிக்கப்பட்டவர் பாதுகாப்பான இடத்தில் இருப்பதால் அவருடைய ஆராதனைக்கு எந்தக் குறையும் வராது.

படி 2. சனி இரவும் ஞாயிறு காலையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உங்கள் சபையில் வாசகப் பஞ்சாங்கமோ திருவழிபாட்டு நாட்காட்டியோ இருந்தால் மறுநாள் பாடங்களை முந்தின இரவே ஒருமுறை வாசியுங்கள். சீக்கிரம் தூங்குங்கள். காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும் சண்டையைத் தவிர்க்க அதையும் இரவே முடித்துவிடுங்கள். பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே ஆலய வாசல் வரை வந்து, உள்ளே நுழைந்ததும் "ஸ்தோத்திரம்" என்று சிரிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பத்து நிமிஷம் முன்னால் கிளம்பினாலே பாதி குறையும்.

படி 3. பாவ அறிக்கை: பொதுவாகச் சொல்லாதீர்கள்

அச்சிட்ட பாவ அறிக்கை உள்ள சபைகளில் ஆபத்து என்னவென்றால் வாய் தானாகச் சொல்லிவிடும். அச்சு இல்லாத சபைகளில் போதகரே எல்லாருக்கும் சேர்த்து ஜெபித்துவிடுவார். எப்படியானாலும் ஒரு விஷயத்தையாவது குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "நான் பாவி" என்று சொல்வது சுலபம். "வியாழக்கிழமை எடையில் ஏமாற்றினேன்" என்று சொல்வதற்குத்தான் நாக்கு வராது. சங்கீதம் 51ல் தாவீது "இரத்தப்பழிகளுக்கு என்னை நீங்கலாக்கிவிடும்" என்று தான் செய்த கொலையைக் குறிப்பிட்டே கேட்கிறான். அதே சங்கீதத்தில்தான், "நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயத்தை நீர் புறக்கணியீர்" என்ற வரியும் வருகிறது.

ஆராதனை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாவ அறிக்கைக்கு முன் ஒரு நிமிஷம் மௌனம் விடுங்கள். கீபோர்டில் பின்னணி இசைகூட வேண்டாம்.

படி 4. பாட்டு: சபை பாட வேண்டும்

பாட்டைப் பற்றி எல்லாருக்கும் கருத்து உண்டு. என் கருத்தும் இருக்கட்டும். பழைய கீர்த்தனையா, போன வருஷம் வந்த பாட்டா என்பது இரண்டாவது கேள்வி. சபை பாடுகிறதா, மேடை பாடிச் சபை பார்க்கிறதா என்பது முதல் கேள்வி. கொலோசெயர் 3:16 "ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லிக்கொண்டு" பாடச் சொல்கிறது. பக்கத்தில் இருப்பவர் குரல் காதில் விழாவிட்டால் அது எப்படி நடக்கும்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு சரணத்துக்கு எல்லா வாத்தியங்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். சபையின் சத்தம் கேட்டால் நல்லது. குழுவின் நாலு குரல் மட்டும் கேட்டால், ஒலிபெருக்கியைக் குறைக்கவும் சுருதியை இறக்கவும் நேரம் வந்துவிட்டது. ஒலிப்பதிவுக்காகப் பாடும் பாடகர் உச்சத்தில் பாடுவார். அறுபது வயது அக்காவும் அதிகாலை வேலை முடிந்து வந்த அண்ணனும் அந்தச் சுருதியில் பாட முடியாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. இரண்டு மூன்று கட்டை தாராளமாக இறக்கலாம்.

பாடல் தேர்ந்தெடுப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை ஒரு வேலை செய்ய வேண்டும். அந்த மாதம் பாடிய எல்லாப் பாட்டையும் எடுத்து, தேவன் யார், என்ன செய்தார் என்று சொல்லும் வரிகள் எத்தனை, எனக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். உயர்த்துவார், வாலாக்காமல் தலையாக்குவார், சத்துரு வெட்கப்படுவான் என்பதிலேயே மாதம் முழுதும் ஓடியிருந்தால் சிலுவைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடம் கிடைத்திருக்காது.

புலம்பலுக்கும் இடம் வேண்டும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது 13ம் சங்கீதம். 88ம் சங்கீதம் நம்பிக்கையான ஒரு வரியில்கூட முடியவில்லை. இவையும் ஆலயத்தில் பாடப்பட்டவைதான். வேலை போனவர், கரு கலைந்தவர், மகனை அடக்கம் செய்துவிட்டு முதல் ஞாயிறு வந்திருப்பவர் எல்லாரையும் கை தட்டிச் சிரிக்கச் சொல்வது அவர்களைப் பொய் சொல்ல வைப்பது. உண்மையோடு தொழ வேண்டும் என்றால் துக்கத்தோடு தொழவும் அனுமதிக்க வேண்டும்.

இசையால் மனசு உருகுவது பாவமா என்று கேட்பவர்களுக்கு: நாலாம் நூற்றாண்டின் சபைப் பிதா அகுஸ்தீனாருக்கே இந்தக் குழப்பம் இருந்தது. பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அதிகம் அசைத்தால் தான் குற்றம் செய்ததாக எண்ணுவேன் என்று எழுதியவர், ஆனாலும் சபையில் பாடும் வழக்கம் இருக்கட்டும் என்றே முடித்தார். உருகட்டும். எதற்காக உருகினோம் என்று வீட்டுக்கு வந்து யோசித்தால் தெரிந்துவிடும்.

படி 5. வசனம்: வாசிப்பவரும் கேட்பவரும்

நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா விடியற்காலை தொடங்கி மத்தியானம் வரை வாசித்தான். லேவியர்கள் "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." நம் சபைகளில் பாடம் வாசிப்பவர் யார் என்பது பல நேரம் ஆராதனை தொடங்கிய பிறகுதான் முடிவாகிறது. "தம்பி, இரண்டாம் பாடம் நீ வாசி" என்று கையில் புத்தகம் வரும். தம்பி "திகிலாத்பிலேசரில்" தடுக்கி விழுவான்.

வாசிப்பவர் வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டு வாருங்கள். மெதுவாக வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியங்களில் எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்பவர் பிரசங்கத்திலிருந்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை எழுதிக்கொள்ளுங்கள். பாராட்டுவதற்கு அல்ல, செய்வதற்கு. சவுலிடம் சாமுவேல் சொன்னது இதைத்தான்: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்."

படி 6. காணிக்கை: கிழிந்த நோட்டு எங்கே போகிறது?

காணிக்கை எண்ணும் மேஜையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பித் தந்த பத்து ரூபாய், நடுவில் செல்லோடேப் ஒட்டிய இருபது, ஓரம் எரிந்த நோட்டு எல்லாம் காணிக்கைப் பையில் இருக்கும். மல்கியா இவர்களுக்காகவே எழுதினது போலிருக்கிறது: "அதை நீ உன் அதிபதிக்குச் செலுத்து, அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ?" தாசில்தார் ஆபீஸில் அந்த நோட்டை நீட்டுவோமா?

எவ்வளவு கொடுப்பது? தாவீது அர்வனாவின் களத்தை இலவசமாக வாங்க மறுத்து, களத்துக்கும் மாடுகளுக்குமாக ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்தான். தனக்குச் செலவில்லாத ஒன்றைப் பலியாகச் செலுத்த அவனுக்கு மனசில்லை. அளவுகோல் அதுதான். வருமானத்தில் கொஞ்சமாவது உறைக்க வேண்டும்.

அதே சமயம் ஏழை விதவையின் இரண்டு காசைக் காட்டி ஏழைகளிடம் கறக்கும் பிரசங்கங்களைக் கேட்கும்போது மாற்கு 12ல் கொஞ்சம் மேலே பாருங்கள். அந்த விதவை வருவதற்குச் சற்று முன்புதான் "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பிரசங்கிப்பவர்கள் குறைவு.

பெயர் வாசிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போகும், மைக்கில் பெயர் முழங்கும். அந்தக் கலகலப்பு எனக்கும் பிடிக்கும், அசனச் சாப்பாடும் பிடிக்கும். ஆனால் வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்றவர் அந்த மைக்கை எப்படிப் பார்ப்பார்? பண்டிகை இருக்கட்டும். தொகையையும் பெயரையும் சேர்த்து வாசிப்பதை மட்டும் விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்? அந்தப் பண்டிகைக்கே ஏற்ற வசனம் ஒன்று யாக்கோபில் இருக்கிறது: "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." காணிக்கை மூட்டையோடு வருமுன் அறுத்தவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும்.

படி 7. கர்த்தருடைய பந்தி

கொரிந்து சபை கூடியது, அப்பம் பிட்டது, பாத்திரம் பகிர்ந்தது. பவுல் அதைப் பார்த்து, இது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து சாப்பிட்டு முடிக்க, வேலை முடித்து வரும் அடிமைகளுக்கும் கூலிக்காரருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பல உரையாசிரியர்கள் இதை விளக்குகிறார்கள். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்பதே பவுல் சொல்லும் பரிகாரம்.

பந்தியில் ஆளைப் பிரிப்பது நமக்குப் பழக்கமில்லாததா என்ன? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக்கே போவோம். 1745ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது இந்த ஊரில்தான். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியவர் அவர். 1752ல் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழும்பிய கத்தோலிக்க ஆலயத்துக்கு ஒரே பீடம், இரண்டு கூடம். ஒரு சாதி ஒரு பக்கம், இன்னொரு சாதி மறுபக்கம். பீடத்தில் நிற்கிற குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும், இந்தப் பக்கத்தாருக்கு அந்தப் பக்கம் தெரியாது. 1910ல்தான் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சீர்திருத்த சபைக்காரர்கள் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் டயோசிஸ் தேர்தலிலும் அந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்று அவரவருக்குத் தெரியும்.

தென்னிந்தியாவில் பிறந்த ஒரு நல்ல காரியமும் இருக்கிறது. 1947 செப்டம்பர் 27ல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1950ல் தன் திருவிருந்து முறைமையை வெளியிட்டபோது, சமாதானம் கொடுத்தலை மறுபடி சபை நடுவே கொண்டுவந்தது. கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்த முறை அது. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் மற்றவர் வலது கையை மூடுவார்கள். அது வைக்கப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். "சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும்" என்ற சங்கீத வார்த்தைக்குப் பிறகு, காணிக்கைக்கு முன். காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற மத்தேயு வசனம் ஆராதனை முறையாகவே ஆகிவிட்டது.

அதை நாம் என்ன செய்திருக்கிறோம்? பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரருக்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை இடம் மாறி உட்காருங்கள். பேசாமல் இருக்கிறவரின் வரிசைக்குப் போங்கள். தேர்தலில் எதிர் அணியில் நின்றவர், உங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா, யாரோ ஒருவர் கையை இரண்டு கையாலும் பிடித்துச் சமாதானம் சொல்லுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் இது பரலோக மந்திரத்துக்குப் பின், நற்கருணைக்கு முன் வரும். அங்கேயும் செய்ய வேண்டியது இதுதான்.

படி 8. திங்கட்கிழமை

ரோமர் 12:1ல் பவுல் சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லி, "இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். அந்த அதிகாரத்தின் மீதியில் உபசரிப்பு வருகிறது, அழுகிறவர்களுடனே அழுவது வருகிறது, பசியாயிருக்கும் எதிரிக்குச் சாப்பாடு போடுவது வருகிறது. எபிரெயர் 13லும் உதடுகளின் ஸ்தோத்திரபலியைச் சொன்ன கையோடு, நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறக்காதீர்கள், "இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்று வருகிறது. பிரியமானது எது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேதத்தில் அதிகம் இல்லை.

நாலாம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம் தன் சபையிடம் கேட்டார்: ஆலயத்தில் கிறிஸ்துவைப் பட்டுத் துணியால் கனப்படுத்திவிட்டு, வெளியே குளிரில் நிர்வாணமாய் இருக்கிற அவரைக் கவனிக்காமல் போவதா? ஆலயத்துக்குப் புது டைல்ஸ், ஏ.சி., நூறடி கோபுரம் என்று திட்டம் போடும் கமிட்டிகள் இதை மினிட்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம். கூடவே, ஆலயம் பெருக்குகிறவருக்கும் உபதேசியாருக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு தருகிறோம் என்பதையும்.

திங்கட்கிழமை ஆராதனை உங்களுக்கு எது என்று உங்கள் வேலையைப் பார்த்தால் தெரியும். கடை வைத்திருந்தால் எடை. ஆபீஸில் இருந்தால் கோப்பை நகர்த்தக் கை நீட்டாமல் இருப்பது. ஆள் வைத்து வேலை வாங்கினால் சொன்ன தேதியில் கூலி.

அடிக்கடி வரும் சில சந்தேகங்கள்

ஆராதனையில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, கண்ணீர் வரவில்லை, அப்படியானால் அது பொய்யா? இல்லை. உணர்ச்சி வந்தால் நல்லது, வராத ஞாயிறும் உண்டு. ஒன்றும் தோன்றாமலே வந்து, பாடி, கேட்டு, கொடுத்து, போனவர் வேஷம் போட்டவர் ஆக மாட்டார். தோன்றாததைத் தோன்றியதாகக் காட்டினால்தான் வேஷம்.

யூடியூபில் பார்த்தால் போதாதா? முடியாதவருக்கு அது பெரிய உதவி. முடிந்தவருக்குப் போதாது. திரையில் யாருக்கும் சமாதானம் கொடுக்க முடியாது, பிடிக்காதவர் பக்கத்தில் உட்காரவும் வேண்டியதில்லை. அதுதான் அதன் வசதி, குறையும் அதுவே.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் என்ன செய்வது? அவர்கள் செய்ய வேண்டியதைவிடச் சபை செய்ய வேண்டியது அதிகம். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த ஜஸ்டின் தன் காலத்து ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்றும், சேர்ந்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், அந்நியர்கள் ஆகியோருக்குப் போனது என்றும் எழுதுகிறார். உங்கள் சபையில் வீட்டோடு இருப்பவர்களின் பட்டியல் போதகரிடம் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு, மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவருடன் கிளம்புங்கள். வண்டி இருந்தால் நீங்களே அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். பட்டியல் இல்லை என்றால், இந்த வாரமே உட்கார்ந்து எழுத ஆரம்பியுங்கள்.